எழுந்து நின்ற பிறகு

கதை எழுதுகிறவனுக்கு என்று சில சௌகரியங்கள் உண்டு. பாத்திரங்கள் அதிகமாகிவிட்டால் ஒருவரை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிடலாம். காதலர்கள் சீக்கிரம் சேர்ந்துவிடுவார்கள் போலிருந்தால் ஒரு கடிதத்தைத் தொலைத்துவிடலாம். இவையெல்லாம் சில்லறைச் சௌகரியங்கள். மொத்த வியாபாரம் ஒன்று இருக்கிறது. அது கதாநாயகனின் மண்டையில் ஓங்கி ஒன்று போடுவது.

போட்டால் என்ன ஆகும்? கதை உலகத்தில் இரண்டே இரண்டுதான் ஆகும். ஒன்று, ஆள் செத்துப்போவான். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துபோவான். அதுவும் அரைகுறையாக அல்ல. பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் தன் பெயரையும் சேர்த்தே மறப்பான். பத்து அத்தியாயம் கழித்து இன்னொரு அடி விழும். அல்லது ஒரு பழைய பாட்டு காதில் விழும். போன ஞாபகம் போன வழியே திரும்பி வந்துவிடும். சுபம்.

இதை நான் கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. இதே கடையில் கொள்முதல் செய்தவன்தான் நானும். அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மற்றவர்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். விமரிசனம் செய்கிறவனுக்கு அதுதானே வசதி!

1956-ல் வந்த ‘அமரதீபம்’ படத்தில் நாயகனின் ஞாபகம் போவதும் வருவதுமாகவே கதை நடந்தது. 1982-ல் ‘மூன்றாம் பிறை’. கார் விபத்தில் தலையில் அடிபட்ட பெண் மனத்தால் குழந்தையாகிவிடுகிறாள். குணமானதும், குழந்தையாக இருந்தபோது தன்னைக் காத்தவனை மறந்து ரயிலேறிப் போகிறாள். 2005-ல் ‘கஜினி’. அதில் இரும்புத் தடியால் அடிபட்டவனுக்குக் கால் மணி நேரத்துக்குமேல் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. இந்த மூன்றில் ‘மூன்றாம் பிறை’யைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாலு மகேந்திரா சொன்னது நோயின் கதை அல்ல, அன்பின் கதை. அந்த ரயில் நிலையத்தில் நம் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று தொலைந்துபோயிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தலையில் அடிபட்டவன் இப்படித்தான் இருப்பான் என்று நம்பிக்கொண்டு வெளியே வந்தோமே, அங்கேதான் தகராறு. நிஜத்தில் அடிபட்டவன் தன் பெயரைப் பெரும்பாலும் மறப்பதில்லை. அடிபட்ட அந்தக் கணத்தையும், அதற்குச் சற்று முன்பின் நடந்ததையுமே மறக்கிறான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். பார்ப்பதற்கு முழு மனிதனாகவே இருக்கிறான். அதுதான் ஆபத்து.

கல்லூரி வாசலை எட்டிப் பார்த்ததோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. ஆகையால் மருத்துவ விஷயத்தை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். தூக்குச்சட்டியில் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறோம். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். சட்டி எதிலும் மோதவில்லை, நசுங்கவும் இல்லை. ஆனால் வீட்டில் வந்து மூடியைத் திறந்தால் உறைந்த தயிர் குலைந்து கிடக்கிறது. மண்டையோடு சட்டி, மூளை தயிர். நீரில் மிதந்துகொண்டிருக்கும் அந்த மென்மையான பொருள், தலை திடீரென்று நிற்கும்போதோ திருகும்போதோ உள்ளே குலுங்குகிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. அவற்றின் ரசாயனச் சமநிலை கெடுகிறது. டாக்டர்கள் ‘கன்கஷன்’ என்கிறார்கள். மூளை அதிர்ச்சி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சட்டியைத் தட்டிப் பார்த்து நசுங்கவில்லை என்று சொல்வது போலத்தான் அது. ஹெல்மெட் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாமே என்றால், சட்டி கொஞ்சம் கனமாகிறது. உள்ளே இருப்பது தயிர்தானே? இன்னொன்று: இப்படி அதிர்ச்சி ஏற்பட்டவர்களில் மயங்கி விழுகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள். கை தட்டுகிறோம்.

கண்ணுக்குத் தெரிகிற காயம் என்றால் நமக்கு மரியாதை செய்யத் தெரியும். 1962-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவர் நரி கான்ட்ராக்டர். பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவர் மண்டையைப் பிளந்தது. அவருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணித் தலைவரான ஃபிராங்க் வொரலும் ஒருவர். பிறகு நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவருடைய தலையில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தினார். அறுபது வருஷம் அதைத் தலையில் தாங்கி வாழ்ந்து, 2022-ல்தான் அதை எடுத்தார்கள். அவர் டெஸ்ட் ஆட்டம் பிறகு ஆடவே இல்லை. ஏன் ஆடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தகடு இருக்கிறதே!

தகடு இல்லாத காயத்துக்கு மரியாதை கிடைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான், மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்குப் பதில் இன்னொருவர் முழுமையாக ஆடலாம் என்று சர்வதேசக் கிரிக்கெட்டில் விதி வந்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் ஆட்டத்தை முடித்துக்கொண்டுதான் உள்ளே போனார். பதிலாக இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்தார். உடனே பெரிய வாக்குவாதம். பதில் ஆள் சரியான ஆள்தானா, இது தந்திரமா, நியாயமா என்று இரண்டு தேசத்து ரசிகர்களும் மோதிக்கொண்டார்கள். ஜடேஜாவின் தலை எப்படி இருக்கிறது என்பது அந்தச் சண்டையில் அடிபட்டே போயிற்று.

இந்த நிலையில், தமிழில் ஒரே ஒரு படம் விஷயத்துக்கு வெகு அருகே வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பாலாஜி தரணிதரன் 2012-ல் எடுத்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போகிறான் ஒருவன். உயரப் போன பந்தைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடி, விழுந்து, பின்மண்டையில் அடிபடுகிறான். எழுந்து உட்காருகிறான். ரத்தம் இல்லை, காயம் இல்லை. சற்று நேரத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறான். பதில் சொல்கிறார்கள். மறுபடி அதையே கேட்கிறான். ஏறக்குறைய ஒரு வருஷத்து நினைவு, கட்டிக்கொள்ளப் போகும் பெண் உட்பட, அவனிடம் இல்லை. படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு வாழ்க்கையில் நிஜமாகவே நடந்த சம்பவம் அது. நடந்ததை எடுத்ததனால்தான் அந்தக் கேள்வியில் அத்தனை உண்மை இருக்கிறது. எழுத்தாளன் மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்தால், ஒரே கேள்வியை இத்தனை முறை கேட்கவைக்க அவனுக்குத் துணிச்சல் வராது. வாசகருக்கு அலுத்துவிடுமே என்று பயப்படுவான்.

ஆனாலும் இந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. விஷயம் வெளியே தெரியாமல் அவனை மணமேடை வரை தள்ளிக்கொண்டு போக நண்பர்கள் படுகிற பாடுதான் படத்தின் நகைச்சுவை. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் தோன்றிற்று: குலுங்கிய மூளைக்கு வேண்டியது ஓய்வு. வெளிச்சமும் சத்தமும் கூட்டமும் அதற்கு விரோதி. அந்தப் பையனை வரவேற்பு மேடையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்கு நடுவே நிறுத்திவைத்துவிட்டு, தியேட்டர் முழுவதும் சேர்ந்து சிரிக்கிறோம். ஞாபகம் திரும்புகிறது, படம் முடிகிறது. ஞாபகம் வந்துவிட்டால் மூளை குணமாகிவிட்டது என்று நாமும் எழுந்து வந்துவிடுகிறோம்.

அப்படி அல்ல. இரண்டு வாரத்தில், சிலருக்கு ஒரு மாதத்தில், பெரும்பாலோர் சரியாகிவிடுகிறார்கள் என்பது வாஸ்தவம். யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்த நாட்களுக்குள் இன்னோர் அடி பட்டால், அபூர்வமாக, முக்கியமாக இளம் பிள்ளைகளுக்கு, மூளை வீங்கி உயிரே போவதுண்டு. உயிர் போகாவிட்டாலும், வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாங்கும் அடிகளுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நம் கதைகள் திறந்தே பார்த்ததில்லை.

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யை (2021) எடுத்துக்கொள்வோம். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை, அந்த மனிதர்களின் மானத்தை, அவ்வளவு பெருமிதத்தோடு காட்டிய படம் வேறில்லை. அதில் கபிலன் என்ற வீரன் சீரழிகிறான். எதனால்? சாராயத்தால், கெட்ட சகவாசத்தால், சிறைவாசத்தால். பிறகு குடியை விட்டு, உடம்பைத் தேற்றி, மேடையேறி ஜெயிக்கிறான். அவன் தலை வாங்கிய குத்துகளுக்கு அந்தச் சீரழிவில் ஏதாவது பங்கு உண்டா என்று படம் நினைத்தே பார்க்கவில்லை. 1928-லேயே அமெரிக்காவில் ஹாரிஸன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாக்குக் குழறி, கால் தள்ளாடி, ஞாபகம் மழுங்கிப்போன பழைய வீரர்களைச் சண்டை ரசிகர்களே ‘பஞ்ச் டிரங்க்’ என்று சொல்லி வந்தார்கள். அதாவது, குத்து வாங்கியே போதையேறியவன். சொட்டு மது இல்லாமலே குடிகாரனாய்த் தெரிகிறவன். அந்தக் கேலிப் பெயரையே மார்ட்லண்ட் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். நம் படத்தில் குடிதான் தெரிகிறது, குத்து தெரியவில்லை.

2002-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் ஐம்பது வயதில் இறந்தார். ஊரே கொண்டாடிய வீரர். கடைசிக் காலத்தில் சில நாட்கள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தவர். பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு என்ற இளம் டாக்டர் நைஜீரியாவிலிருந்து வந்தவர். மூளை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அவர் அதோடு விடாமல் மெல்லிய துண்டுகளாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். ‘டௌ’ என்ற புரதம் அங்கங்கே திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. 2005-ல் அதைப் பிரசுரித்தார். விளையாட்டு நிர்வாகம் வெகு காலம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார், தொழில்முறையில் ஆடிய 111 பேரின் மூளைகளைச் சோதித்ததில் 110-ல் அந்தச் சிதைவு இருந்ததாகச் சொன்னார்கள். அவை பெரும்பாலும், ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள். ஆகையால் ஆடிய எல்லோருக்கும் அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் இறந்த பிறகுதான் உறுதியாகச் சொல்லக்கூடிய நோய். உயிரோடிருக்கும்போது வீட்டுக்காரர்களுக்குத் தெரிவது, மனிதர் மாறிவிட்டார் என்பது ஒன்றுதான்.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். சடுகுடுவும் எங்கள் வட்டாரத்துச் சொத்து என்பது சமீபத்தில்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் எங்கள் பக்கத்துக்காரர். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025-ல் ‘பைசன்’ எடுத்தார். அவரைப்போல் வெளியே தெரியாமல், தாமிரபரணி மணலோடு நின்றுபோன ஆட்டக்காரர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தெரு அண்ணாச்சி. பெயர் வேண்டாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பொங்கலுக்கு மறுநாள், ஆற்று மணலில் பெரிய ஆட்டம். கடைசிப் பாட்டு பாடிப் போனவர் அண்ணாச்சி. ஒருவன் காலைப் பிடித்து இழுத்தான். மல்லாந்து விழுந்தவரின் பின்மண்டை இன்னொருவன் முழங்காலில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. பத்து எண்ணும் நேரம் அப்படியே கிடந்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எழுந்தார். கூட்டம் விசில் அடித்தது. அவர் எழுந்து போய் எதிர்க்கட்சியின் பக்கத்தில், அவர்களில் ஒருவராக நின்றுகொண்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். யாரோ கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். மறுபடி ஆடினார், ஜெயித்தார். மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வரும் வழியில், “ஏலே, ஆட்டம் முடிஞ்சிட்டா?” என்று மூன்று தடவை கேட்டார். அதற்கும் சிரித்தோம்.

பிற்காலத்தில் இதை ஒரு சிறுகதையாக எழுதினேன். வாரப் பத்திரிகையில் வந்து நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த கதை. விழுந்தவன் எழுவதும், புழுதியைத் தட்டிவிட்டுப் பாடிப் போவதும், வெல்வதும் அதில் உண்டு. எதிர்ப்பக்கத்தில் போய் நின்றதும், மூன்று தடவை கேட்டதும் முதல் பிரதியில் நான்கு வரி இருந்தன. வீரனுடைய கம்பீரத்துக்கு இழுக்கு என்று அவற்றை அடித்துவிட்டேன். மற்றவர்களெல்லாம் தெரியாமல் செய்த தவறு. நான் பார்த்துவிட்டுச் செய்தேன்.

சென்ற வருஷம் அண்ணாச்சி காலமானார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். மதினி திண்ணையில் உட்கார்ந்து, அழுது முடித்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். வெயிலைக் கண்டால் தலை வலிக்கும் என்று கதவைச் சாத்திக்கொள்வாராம். நல்லபடி பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று சோற்றுத் தட்டு பறக்கும். ஸ்ரீவைகுண்டம் வரை சைக்கிளில் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். ஊரார் குடி என்றார்கள். அவர் குடித்ததே இல்லை. செய்வினை என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை, மனசுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். ராத்திரியெல்லாம் முற்றத்தில் உலாத்துவார்.

“ஊருக்கு ஒரு உறங்காப்புளி பத்தாதா தம்பி? என் வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு” என்றாள். எங்கள் கோயிலில் நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளியமரம் இரவிலும் இலை மூடாது என்பார்கள். அதைச் சொன்னாள்.

பிறகு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க எழுதுன கதையை அவிய பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருந்தாவ. வாறவிய போறவிய எல்லார்ட்டயும் காட்டுவாவ. நானும் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். விழுந்தாவ, எந்திரிச்சாவ, செயிச்சாவன்னு போட்டிருக்கீய. அதுக்குப் பொறவு என்ன ஆச்சுன்னு நீங்க எழுதலியே, தம்பி?”

இருபத்தைந்து வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதைகளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இதற்கு இணையான விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கு வந்தது இன்ன நோய் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவர் மூளையை யாரும் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. ஒரு நாள் விழுந்த அடியா, இருபது வருஷம் விழுந்த அடிகளா, வேறு ஏதாவதா, யார் கண்டார்கள்? ஆனால் குடி, செய்வினை, மனசு என்று ஊர் வைத்த பெயர்களில் ‘அடி’ என்ற பெயர் மட்டும் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரை ஊருக்கு யாரும் சொல்லவில்லை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பழமொழி மட்டும் வைத்திருக்கிறோம். அந்தச் சிரசுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டிய கதைக்காரர்கள் நாங்கள், அடிபட்டவன் சாவான் அல்லது மறப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எழுந்து நின்றவன் வென்றவன் என்றோம். மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான்: எழுந்து நின்று, ஆடி, ஜெயித்து, வீட்டுக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிப்போகிறவன். அவனுக்கு மேடை இல்லை, எதிரி இல்லை, உச்சகட்டம் இல்லை. அவன் கதைக்குச் சாட்சி ஒரே ஒருத்தி. அவளையும் யாரும் கேட்பதில்லை. எழுதக் கஷ்டமான கதைதான். அதனால்தான் எழுதியிருக்க வேண்டும்.

விளையாடாதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. ஆற்று மணலில் ஒரு தலைமுறைக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஆடி முடித்து வந்து, கேட்டதையே இரண்டாம் முறை கேட்டால் சிரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் சரி என்று சொல்கிறவரை, கோப்பையே கைவிட்டுப் போனாலும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

என் சிறுகதைத் தொகுதி புதுப் பதிப்பு வருகிறது. அடித்த நான்கு வரிகளையும் திரும்பச் சேர்த்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர், முடிவின் எடுப்பு போய்விட்டது, கதை முன்பு நன்றாக இருந்தது என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். மதினிக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன்.